சிடானும் அக்காவின் கலியாணமும்

அக்காவின் மகனுக்கு இடப் பிரச்சினை. காணிப் பிரச்சினை அல்ல, அது அத்தானுடையது. இவனுக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை. கிளிநொச்சி கனகபுரத்தில் பின்னறையைப் பூட்டிக்கொண்டு பப்ஜி விளையாடி, அதைப் பதிந்து யூடியூப்பில் போடுகிறான். விமானத்திலிருந்து குதித்து, வீடு வீடாய்ப் புகுந்து துவக்குப் பொறுக்கி, வட்டம் சுருங்கச் சுருங்க ஓடுகிற விளையாட்டு. வட்டம் சுருங்கச் சுருங்க ஓடுவதை 2009 போரிலேயே காசில்லாமல் விளையாடியாயிற்று என்பார் அத்தான்.

கணக்கு இப்படி. முழு எச்டி, நொடிக்கு 60 சட்டகம், 50 மெகாபிட் பிட்ரேற் என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 22.5 ஜிபி. அவனுடைய டிஸ்க் மொத்தமே 256. அதிலும் பாதியை விளையாட்டுகளே பிடித்திருக்கின்றன. நாலு இரவு விளையாடினால் ஐந்தாம் இரவு ஏதாவது அழிய வேண்டும். எதை அழிப்பதென்று மருமகன் கன்னத்தில் கைவைத்து யோசிக்கும்போது எனக்கு மல்லாவி ஞாபகம் வரும்.

1996 இல் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்த பிறகு மல்லாவிதான் எங்களுக்குப் பட்டணம். கரண்ட் கிடையாது. டோர்ச் பற்றறிகூடத் தடைப் பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 1990 இலேயே போய்விட்டது. அன்ரனாவை இராமேஸ்வரப் பக்கம் திருப்பினால் தூரதர்ஷன் தெரியும். தெரியும் என்பது மரியாதைக்குச் சொல்வது. திரை முழுக்க வெள்ளை மழை பெய்யும், மழைக்குள் ஆட்கள் ஓடுவார்கள்.

1998 ஜூலை 12 உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதி. பிரான்சும் பிரேசிலும். கொழும்பு நேரம் இரவு ஒரு மணி, எங்கட நேரம் பன்னிரண்டரை. அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளிவிட்டதைப் புலிகளிடம் இருந்த வன்னி ஏற்காத வருடங்கள் அவை. அதனால் எதற்கும் இரண்டு நேரம் இருந்தது, ஜெனரேற்றருக்கு இருந்தது ஒரு கான் மண்ணெண்ணெய். அதுவும் வீட்டுக்கு ஒரு போத்தலாகச் சேர்த்தது. கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டுவது எங்கள் எல்லோருக்கும் கைவந்த வித்தை.

ஆட்டத்தைப் பதியவும் ஆசை. புதுக் கசெற்றுக்கு எங்கே போவது? ஊரில் அகப்பட்ட ஒரே நல்ல கசெற், முந்திய வருடம் நடந்த அக்காவின் கலியாணம். மூன்று மணித்தியால ஈ-180. தாலி, அறுகரிசி, பந்தி, எல்லாம் முடிய இரண்டு மணித்தியாலம். மிச்சம் ஒன்று. அத்தான் டெக்கில் ‘எல்பி’ பொத்தானை அமத்தினார். நாடா பாதி வேகத்தில் ஓடும், படம் மங்கும், ஒரு மணித்தியாலம் இரண்டாகும். பிட்ரேற் என்ற சொல்லைக் கேட்காமலேயே அதைப் பாதியாகக் குறைத்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவர்தான். இடைவேளையில் டெக்கையும் எஞ்சினையும் நிறுத்தினோம். நாடாவும் மிச்சம், எண்ணெயும் மிச்சம்.

பிரான்சின் சிடான் தலையால் அடித்த இரண்டு கோலும் விழுந்தன. மூன்றாவது கோல், பெற்றி அடித்தது, 90 நிமிடம் கழிந்த பிறகு. அதற்குள் எங்கள் எஞ்சின் விக்கி விக்கி நின்றுவிட்டது. விடிந்தபின் ரேடியோவில்தான் கேட்டோம். ஆனாலும் அதுவரை பதிந்தது கசெற்றில் பத்திரமாக இருந்தது. பிறகு பல காலம், அந்த வீட்டில் தாலி கட்டி, பந்தி முடிந்து, பொம்பிளை மாப்பிளை காரில் ஏறினால் அடுத்தது சிடான் வருவார்.

இந்த ‘பத்திரமாக இருந்தது’ தான் மருமகனுக்குப் பெரிய அதிசயம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது நினைவிருக்கும். பதிந்துகொண்டிருக்கும்போது போனால் அவனுடைய எம்பி4 கோப்பு முழுதாகச் செத்துப் போகும். எது எங்கே இருக்கிறதென்ற அட்டவணையை அந்தக் கோப்பு கடைசியில்தான் எழுதுமாம். கடைசி வராவிட்டால் முன்னே இருக்கும் பத்து ஜிபியும் சும்மா. எம்கேவி என்று பதிந்தால் நின்ற இடம்வரை மிஞ்சும், பிறகு ஆறுதலாக எம்பி4 ஆக மாற்றலாம். அவன் பதியப் பாவிக்கும் ஓபிஎஸ் மென்பொருளே அப்போது எம்கேவியில் பதியத்தான் முதலில் சொன்னது. இவன்தான் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறான், மற்றதையும் பழகியிருக்கிறான். பிட்ரேற்றைக் கட்டிவைக்காமல் தரத்தைக் கட்டிவைக்கிறான். ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும்போது திரையில் ஒன்றும் அசையாது, கோப்பும் அவ்வளவாக வளராது. சுருக்கும் முறை முந்திய சட்டகத்திலிருந்து மாறினதைத்தான் பெரும்பாலும் எழுதுகிறது. துவக்குச் சூடு பெரிதாகத் தின்னாது. புல்லும் புகையும் மழையும்தான் தின்னும், ஒவ்வொரு இழையும் துளியும் ஒவ்வொரு பக்கம் அசைவதால். சட்டகத்தை 30 ஆக்கினான், எச்265 என்ற கோடெக்குக்கு மாறினான். ஏற்றுவதற்கு இரவு டேட்டா, நடுச்சாமம் 12 இலிருந்து காலை 8 வரை. கரண்ட் வந்தாயிற்று, கொக்காவிலில் 2011 இல் 174 மீற்றரில் புதுக் கோபுரமும் எழும்பியாயிற்று, ஆனாலும் இந்த வீட்டில் இன்னும் நடுச்சாமத்தில்தான் வேலை நடக்கிறது.

எல்லாவற்றிலும் கெட்டித்தனமானது ‘ரீப்ளே பஃபர்’. கொம்பியூட்டர் கடைசி முப்பது நொடியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டே இருக்கும். நல்லது ஏதும் நடந்தால் ஒரு பொத்தான், அது மட்டும் டிஸ்க்கில் விழும். மற்றது தன்பாட்டில் மறையும். நடந்து முடிந்த பிறகு எதை வைத்திருப்பதென்று தீர்மானிக்கிற வசதி! வன்னியில் யாருக்குத்தான் அது வாய்த்தது? 2009 இல் ஓட ஓடப் பாரம் குறைக்க, சாமான் ஏற்றின ட்ரக்டர் பெட்டியிலிருந்து முதலில் இறக்கி விட்டுவந்தது ரிவியை, பிறகு டெக்கை, பிறகு அல்பங்கள் இருந்த சூட்கேசை. கசெற்றும் அதற்குள்தான்.

ஆனால் அதற்கு முன், சமாதானத்தில் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அதன் பிரதியொன்றை லண்டனுக்குக் கொண்டுபோயிருக்கிறார். போன வருடம் அது பென்டிரைவில் ஏறித் திரும்பி வந்தது. கலியாணமும் பந்தாட்டமுமாகப் பத்து ஜிபி. மருமகன் வாங்கி, தன் வித்தை எல்லாம் காட்டிச் சுருக்கிப் பார்த்தான். கலியாணம் அரை ஜிபிக்குள் அடங்கிவிட்டது. பந்தாட்டம் மசியவில்லை. ஒரு புள்ளியும் அடுத்த சட்டகத்தில் அதே இடத்தில் நிற்காத மழை அது, எந்தக் கோடெக்குக்கும் பிடிபடாது.

“மாமா, சிடானை விட உங்கட மழைதான் கனக்க இடம் பிடிக்குது. பந்தாட்டத்தை வெட்டிவிடட்டே?”

அக்கா உடனே தலையாட்டினாள். அத்தான் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“அவசரப்படாத தம்பி. மற்றதை வெட்டினால் எவ்வளவு மிச்சம் வரும்?”