மூவாயிரத்து இருநூறு ரூபாய் நிசப்தம்

எங்கள் வீட்டில் சத்த ஒழிப்புத் துறை என்று ஒன்று உண்டு. அதற்கு அமைச்சர், செயலர், கடைநிலை ஊழியர் எல்லாம் நானே. மிக்ஸி ஓடினால் சமையற்கட்டு வாசலில் போய் முறைத்துக்கொண்டு நிற்பேன். சீரியலில் மாமியார் அழத் தொடங்கினால் ரிமோட்டைத் தேடுவேன். மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்தால் ஒட்டடைக் கம்பால் கூரையைத் தட்டுவேன். “இந்த வீட்டுல மனுஷன் நிம்மதியா...” என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட நான் முடித்ததில்லை. அதற்குள் குக்கர் விசிலடித்துவிடும்.

துறையின் முதல் எதிரி படுக்கையறை ஃபேன். கல்யாணச் சீர். சுற்றுக்கு ஒருதரம் ‘கடக்’ என்னும். மாமனார் வீட்டுச் சாமான் என்பதால் பல வருஷம் பொறுத்திருந்தேன். போன சித்திரையில் துணிந்து பிஎல்டிசி ஃபேன் ஒன்று வாங்கினேன். 3,200 ரூபாய். பழையது 75 வாட் குடிக்கும், இது 28 வாட்தான், ரிமோட் உண்டு, சத்தமே வராது என்றார் கடைக்காரர். பழைய ஃபேனை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். அன்றிரவு வெற்றிப் பெருமிதத்தோடு படுத்தேன். ஃபேன் சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஐந்து நிமிஷம் ஆனது. ‘ங்ஙீஈஈஈ’ என்று எங்கிருந்தோ ஒரு விசில்.

ஃப்ரிஜ்ஜாக இருக்கும் என்று அணைத்தேன். போகவில்லை. இன்வெர்ட்டரை அணைத்தேன். செல்போன் சார்ஜரைப் பிடுங்கினேன். டார்ச்சோடு போய் மோட்டார் ரூம் கதவில் காதை வைத்துக் கேட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு மெயின் ஸ்விட்சையே இறக்கினேன்.

“என்னங்க, கரன்ட் போச்சா?”

“இல்ல, நான்தான் எடுத்தேன். ஒரு சத்தம் வருதே, கேக்கலை?”

“நீங்க பேசறதுதான் கேக்குது.”

வேறு வழியில்லாமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். சத்தம் கூடியது. திருடன் வந்துவிடப் போகிறான் என்று கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பினால், அவன் கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்ட கதை.

மறுநாளே வைத்தியம் ஆரம்பமானது. திருவாரூர் அத்தை, பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விடச் சொன்னார். விட்டேன். விசில் அப்படியே இருக்க, நான் ரசம் தாளித்த வாசனையோடு நடமாடினேன். பூங்கா நண்பர் பிராமரி பிராணாயாமம் செய்யச் சொன்னார். ஏற்கெனவே தலைக்குள் ஒரு வண்டு இருக்க, அதற்குத் துணையாக நான் ஒரு வண்டாக ரீங்கரித்ததுதான் மிச்சம். என் மைத்துனர் சபா ஆசாமி. வைத்தியம் எதுவும் சொல்லாமல் சுருதிப் பெட்டியோடு வந்து, “எத்தனை கட்டைன்னு பாப்போம் அத்திம்பேர்” என்றார். பெட்டிக்கு எட்டவில்லை. இவரிடம்தான் தெரிந்துகொண்டேன்: செக் நாட்டு இசையமைப்பாளர் ஸ்மெதனா, தன் காதில் கேட்ட கொடுமையை 1876-இல் எழுதிய தந்தி வாத்திய நால்வர் இசையில் உச்சஸ்தாயி நீள்சுரமாகவே புகுத்தியிருக்கிறாராம். எனக்கும் அதே வியாதிதான். என் பங்குக்கு இந்தக் கட்டுரை.

காது டாக்டரிடம் போகக் காரணம் விசில் அல்ல, சர்க்கரை. ஒரு நாள் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, சமையற்கட்டிலிருந்து மனைவி, “வீட்டுல அக்கறையே இல்ல” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. யாருக்கு அக்கறை இல்லை, வரி கட்டியது யார், சிலிண்டர் பதிவு செய்தது யார், உன் தம்பி மகன் காதுகுத்துக்கு மோதிரம் எடுத்தது யார் என்று கால் மணி நேரம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காலி டப்பாவைக் கொண்டுவந்து என் எதிரில் கவிழ்த்தாள். “சக்கரை இல்லைன்னேன்.”

டாக்டர் முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பட்ஸ் போட்டுக் குடைந்து குடைந்து நான் அழுக்கை உள்ளே தள்ளிக் கெட்டித்து வைத்திருந்தேனாம். மிளகு அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினார். “எண்ணெயெல்லாம் விடாதீங்க” என்றபோது அவர் மூக்கு சுருங்கியது. பூண்டு இன்னும் இருந்திருக்க வேண்டும். பிறகு கேள்விகள். ஒரு காதில் மட்டுமா? நாடி துடிக்கிற தாளத்தில் அடிக்கிறதா? தலை சுற்றுகிறதா? திடீரென்று காது கேட்காமல் போனதா? அப்படிப் போயிருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் ஓடி வர வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொன்னபோது, ஒரு பரீட்சையிலும் தேறாதவன் போல எனக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார வைத்தார்கள். ‘பீப்’ கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். நான் விடாமல் அமுக்கினேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் கதவைத் திறந்து, “சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல” என்றாள்.

வரைபடத்தில் கோடு 2,000 ஹெர்ட்ஸ் வரை சமர்த்தாக வந்து, 4,000-இல் மலைப்படி இறங்குவது போல இறங்கியிருந்தது. ‘ச’ ஓசையெல்லாம் அந்த மேல்தட்டில்தான் இருக்கிறதாம். சர்க்கரை அக்கறையானது அப்படித்தான். சின்ன வயதில் சத்தத்தில் இருந்தீர்களா என்று கேட்டார். இருந்தேனா? அம்மன் கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழேதான் எனக்கு இடம். பட்டாசு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று இப்போது விதி இருக்கிறது. எங்கள் காலத்தில் 4 மீட்டர் என்பது கோழைகள் நிற்கும் தூரம். சத்த ஒழிப்புத் துறை அமைச்சரின் பூர்வாசிரமம் இது.

ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. போனால் முளைக்காது என்றார் டாக்டர், என் தலையைப் பார்த்துக்கொண்டே. உள்ளேயிருந்து சேதி வராத இடத்தில் மூளை வால்யூமைக் கூட்டிக் கூட்டிப் பார்க்குமாம். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவைத் திருகினால் வருமே, அந்த இரைச்சல்தான் என் விசில்.

இன்னொன்றும் பிறகு படித்தேன். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள், காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தமில்லாத அறையில் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு இரைச்சல் கேட்கிறது என்றார்கள். நான் 3,200 ரூபாய் செலவழித்து என் படுக்கையறையை அந்த அறையாக மாற்றியிருக்கிறேன்.

“மாத்திரை?”

“இதுக்குன்னு மாத்திரை கிடையாது. நிசப்தத்துல படுக்காதீங்க. மெலிசா ஏதாவது சத்தம் ஓடட்டும். விசிலை முழுசா மூழ்கடிக்க வேணாம், அதுக்குக் கொஞ்சம் கீழயே இருக்கட்டும். நாளாவட்டத்துல மூளை அதைக் கண்டுக்காம விட்டுடும். மாசக்கணக்குல ஆகும்.”

முதல் ராத்திரி செல்போனில் மழைச்சத்தம் வைத்தேன். மூன்று முறை பாத்ரூம் போனேன். நடு ஜாமத்தில் மனைவி, “ஐயோ, கொடியில துணி” என்று எழுந்து மாடிக்கு ஓடினாள். நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள் விடியும்வரை என்னோடு பேசவில்லை.

விடிந்ததும் வாட்ச்மேனிடம் போய் நின்றேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதில் எனக்கிருந்த கூச்சம் அவருக்கு இல்லை.

“அந்த ஓட்டை ஃபேனுக்குப் பதிலா புதுசு தரீங்களா? ரிமோட்டும் உண்டா சார்?”

எலக்ட்ரீஷியன் மாட்டிவிட்டு, பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடட்டுமா என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இரவு ‘கடக்... கடக்...’ என்று அது சுற்ற, அதன் காற்றிரைச்சலுக்குள் விசில் எங்கோ ஓரமாகக் கேட்டது. இரண்டு மாதத்துக்குப் பிறகு கண் சொக்கியது. பக்கத்தில் மனைவி புரண்டு புரண்டு படுத்தாள். அந்த இரண்டு மாதம் அவளுக்கு நிசப்தம் பழகிவிட்டிருந்தது. கடைசியில் எழுந்து உட்கார்ந்தாள்.

“இந்த வீட்டுல மனுஷி நிம்மதியா...”

மிச்சம் காதில் விழவில்லை. கடக்.