கடவுச்சொல் விஸ்மரணம்: ஒரு சாஸ்திர விசாரணை

தன் பணத்தில் வாங்கி, தன் மேஜைமேல் வைத்து, தானே அதன் சர்வாதிகாரி என்று பட்டமும் சூட்டிக்கொண்ட ஒரு கணினியின் முன்னால், உள்ளே செல்ல உத்தரவு கிடைக்காமல் நிற்கும் கிருஹஸ்தனின் அவஸ்தையைப் பற்றி நம் சாஸ்திரகாரர்கள் ஒன்றும் சொல்லாமல் போனது பெருங்குறை. அதை யதாசக்தி நிவர்த்திப்பதே இவ்வியாசத்தின் பிரயோஜனம்.

தார்க்கிகர்கள் கூறும் பிரமாணங்களை முதலில் பிரயோகித்துப் பார்த்தேன். பிரத்யக்ஷம் என்பது விசைப்பலகையைக் கவிழ்த்துப் பார்ப்பது. எங்கள் வீட்டில் அதன் அடியில் முறுக்குத் துணுக்குகள் இருந்தனவேயன்றிக் கடவுச்சொல் எழுதிய சீட்டு இல்லை. அனுமானம் என்பது பிள்ளைகளின் பிறந்த தேதிகளையும், அவை தீர்ந்தபின் பழைய ஸ்கூட்டரின் எண்ணையும் அடித்துப் பார்ப்பது. ஆப்தவாக்கியம் வேண்டி மனைவியிடம் கேட்டதில் கிடைத்த விடையோ, கடவுச்சொல்லைப் பற்றியதாக இல்லாமல், என் ஞாபகசக்தியைப் பற்றிய பொதுவான அபிப்பிராயமாக இருந்தது.

நமக்கு மறந்தாலும் கணினிக்குத் தெரியுமே என்று ஓர் ஆக்ஷேபம் எழலாம். 1960-களின் தொடக்கத்தில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், கோர்பட்டோவின் குழுவினர் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினிக்குக் கடவுச்சொல் ஏற்படுத்திய காலத்தில் அது மெய்தான். சொற்களெல்லாம் ஒரே கோப்பில் உள்ளது உள்ளபடியே கிடந்தன. ஒரு நாள் கைத்தவறுதலாக அக்கோப்பு வரவேற்புச் செய்தியின் ஸ்தானத்தில் போய் அமர்ந்து, உள்ளே வந்தவர்க்கெல்லாம் ஊரார் ரகசியத்தைக் காட்டியும் விட்டது. அதற்குப் பின்வந்தவர்களோ சொல்லை அரைத்து, மாவை மட்டும் 'ஹாஷ்' என்ற பெயரில் சேமிக்கலானார்கள். விண்டோஸில் அது 'சாம்' என்ற கோப்பிலும், லினக்ஸில் 'ஷேடோ' என்ற கோப்பிலும் இருக்கிறது. மாவிலிருந்து அரிசியை மீட்டவர் உண்டோ? ஆகவே மறந்த குற்றம் என்னுடையது மட்டுமன்று. இயந்திரமும் அச்சொல்லை வைத்திருக்கவில்லை.

எனவே மீட்பு என்பது கிடையாது, மாற்றுவதுதான் உண்டு. என் கணினி லினக்ஸாதலால், அது விழிக்கும் தறுவாயில் 'க்ரப்' பட்டியலில் நிறுத்தி, முதல் நிரலாக 'பாஷ்' ஓடும்படி ஒரு சொற்றொடரைச் சேர்த்தால், யார் நீ என்று கேளாமலே சர்வாதிகாரத்தையும் கையில் கொடுத்துவிடுகிறது; பின் வட்டை எழுதத்தக்கதாக மறுபடி இணைத்துப் புதுச் சொல்லைச் சூட்ட வேண்டியதே. (வட்டு முழுவதும் குறியாக்கம் பெற்றிருந்தால் இவ்வுபாயம் பலிக்காது, விண்டோஸின் பிட்லாக்கராயின், அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடுவதே உத்தமம்.)

இத்தனையையும் பக்கத்து வீட்டுப் பையன் செய்து முடித்தபோது, அவனுக்கென்று வைத்த காப்பி இன்னும் ஆறவில்லை.