ஓரிக்கு ஒரு புற்று இருந்தது

சாக்கு மறுபடியும் இளைத்துவிட்டது. நேற்று மாலை முழங்காலால் அழுத்தி அழுத்தித் திணித்துவைத்த சாக்கு, காலையில் தட்டிப் பார்த்தால் பொதுபொதுவென்று உள்ளே போகிறது. துணிக்கொடியில் மைத்துனரின் பழைய ஜிப்பா ஆடிக்கொண்டிருந்தது. "நல்லாத்தானே இருக்கு, இதப் போயி..." என்றாள் மனைவி. அலமாரியின் அடித்தட்டில் வருஷக்கணக்காக நல்லாத்தான் இருந்தது. மைத்துனருக்கு அப்படி ஒரு ஜிப்பா இருந்ததே நினைவில்லை.

அம்புக்குத் தடுப்பு கட்டுவதில் மர வேலை சுலபம். பாசிர் கூடாங்கில் கட்டைக்கா பஞ்சம்? துறைமுகமும் பாமாயில் ஆலைகளும் உள்ள ஊர். கேட்டால் பாலட் கட்டை கிடைக்கும். ஆனால் பாலட் வெறும் சட்டத்துக்குத்தான். கட்டையில் இறங்கிய அம்பைப் பிடுங்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். கார்பன் அம்பு பிளந்தால் சிராய் கையில் ஏறும். அம்பை நிறுத்துவது துணிதான். இறுக்கித் திணித்த துணி நாலா பக்கமும் உரசிப் பிடித்துக்கொள்ளும். இறுக்கம் போனால் அம்பு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். மறுபக்கம் அண்டை வீட்டு மக்சிக்கின் பப்பாளி மரம்.

பல வருஷம் தாங்குகிற தடுப்பை எப்படிக் கட்டுவது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன் நம் முன்னோர்களிடம் ஒரு கேள்வி.

இவ்வளவு வில்லாளிகளைப் பாடினீர்களே, இலக்குக்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை? துரோணர் மரத்தில் பறவை பொம்மையை வைத்து என்ன தெரிகிறது என்று கேட்கிறார். மரம், கிளை, தம்பிகள், நீங்கள், எல்லாம் தெரிகிறது என்கிறார் தருமர். அவரை ஒதுக்கிவிட்டார்கள். பறவையின் தலை மட்டும்தான் தெரிகிறது என்ற அர்ச்சுனனுக்குப் பாராட்டு. எங்கள் தாமான் குடியிருப்பில் வில்லைத் தொட நான் அனுமதிக்கக்கூடிய ஒரே ஆள் தருமர்தான். திரௌபதியின் சுயம்வரத்தில் மேலே சுழலும் மீனைப் பார்த்து அம்பு விட்டார்களே, மேலே போனது கீழே வந்தாக வேண்டாமா? கீழே அத்தனை தேசத்து ராஜாக்கள். இராமன் கதை இன்னும் வசதி; ஏழு மராமரத்தைத் துளைத்த அம்பு தானாகத் தூணிக்கே திரும்பிவிட்டது. அவருக்குத் தடுப்பும் வேண்டாம், மைத்துனர் ஜிப்பாவும் வேண்டாம்.

பொறுப்பாகச் சொன்னவர் வன்பரணர் ஒருவர்தான். புறநானூறு 152. கொல்லிமலை வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய் நின்றதாம். யானையை விடுங்கள். அம்பு எங்கே நின்றது என்று பாருங்கள்: புற்றில். மண், அதுவும் கரையான் மென்று குழைத்துக் கட்டிய மண். மழைக்குச் சட்டென்று கரையாது, யாரும் திணிக்க வேண்டாம். முக்கியமாக, ராத்திரியோடு ராத்திரியாக எந்த மகராசியும் வந்து அதிலிருந்து ஒரு பிடியை உருவி, துவைத்துக் காயப்போட மாட்டாள். என் வீட்டிலும் கரையான் உண்டு. கட்டுவதில்லை, பாலட்டைத் தின்கிறது.

சரி, தடுப்புக்கு வருவோம். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரம், 122 சென்டிமீட்டர் இலக்கு. என் அடுக்களைக் கதவிலிருந்து பின்வேலி வரை நடந்தால், ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் வேலி வந்துவிடும். இந்தச் சின்ன இடத்துக்குச் சாக்கைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. கனமான பழைய கம்பளத்தை இறுக்கி அடிக்காமல் தளர்வாகத் தொங்கவிட்டால், அதை ஆட்டிவிடுவதிலேயே அம்பின் விசை பாதி செலவாகிவிடும். ஹாலில் ஒன்று இருக்கிறது. சுருட்டி, பிளாஸ்டிக் சுற்றி, சோபாவுக்குப் பின்னால். விருந்தாளிக்காம்! எந்த விருந்தாளி அதை மிதித்தார்?

கேட்டுப் பார்த்தேன்.

"உங்க யூனிஃபார்ம் சட்டைங்க ரெண்டு பெட்டி இருக்கே, அதத் திணிங்களேன்."

அது வேறு விஷயம். அவை துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்துச் சட்டைகள். காலர் மட்டும்தான் நைந்திருக்கிறது.