தூக்குவாளியில் டீ சிந்தாமை: ஒரு முன்னாய்வு

மேல்பட்டாம்பாக்கத்துச் சாலையோரக் கடையிலிருந்து வீட்டுக்கு டீ வாங்கிப் போகும் சிறுவர், வழியில் தூக்குவாளியைத் தலைக்கு மேலாக ஒரு முழு வட்டம் சுற்றுவது வழக்கம். மூடி போடாமல் சுற்றியவர்களை மட்டுமே இவ்வாய்வு கணக்கில் கொண்டது. மூடியோடு சுற்றுபவரால் அறிவியலுக்குப் பயனில்லை.

1687இல் வெளிவந்த தம் நூலில் நியூட்டனும் ஒரு வாளியைச் சுற்றினார். ஆனால் அது முறுக்கிய கயிற்றில் தொங்கி, இருந்த இடத்திலேயே சுழன்றது. தலைக்கு மேல் அவர் கொண்டுபோகவில்லை. அவரை வளர்த்ததும் பாட்டிதான் என்பதை இங்கே நினைவில் கொள்க.

தோளிலிருந்து டீ வரை 85 செ.மீ. என்று வைப்போம். ஒரு சுற்றை 1.85 விநாடியில் சீராக முடித்தால் உச்சியில் டீயின் தோற்ற எடை சுழி. டீ அங்கே விழாமல் இல்லை. வாளியும் கூடவே வளைந்து விழுவதால் இரண்டும் பிரிவதில்லை. அதைவிட மெதுவாகச் சுற்றினால் டீ சட்டையில். டீயின் அளவு, சர்க்கரை, கடைப்பாக்கி எதுவும் இந்தச் சூத்திரத்தில் வராது. அதே வேகத்தில் அடிக்கு வரும்போது எடை இரு மடங்கு. அரை லிட்டர் டீ ஒரு லிட்டராகக் கனக்கும். ஆனால் ஊற்றிப் பார்த்தால் அரை லிட்டர்தான். வாளியின் காது பிய்வதற்கும் இதுவே உகந்த இடம்.

நெய்வேலிச் சுரங்கத்தில் கரி வெட்டும் பக்கெட் வீல் எந்திரத்துக்கோ நேர்மாறான கவலை. அதன் வாளிகள் மேலே வந்ததும் கரியைக் கொட்டியாக வேண்டும். 5 மீட்டர் ஆரமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 13 சுற்றைத் தாண்டினால் கரி உச்சியிலும் வாளியை விட்டு இறங்காது. அதனால்தான் அவ்வளவு பெரிய எந்திரம் அசைபோடும் மாடு மாதிரி மெல்லச் சுற்றுகிறது. பையன் சிந்திவிடுமோ என்று பயப்படும் அதே உச்சியில், என்ஜினீயர் சிந்தாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறார்.

பாடநூல்கள் கைவிட்ட பகுதி, நிறுத்துவது. சுற்றத் தெரிந்த பலருக்கும் நிறுத்தத் தெரியாது. கைதேர்ந்தவர்கள் வாளியை ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடவிட்டு, அதன் போக்கிலேயே நாலடி நடந்து அடக்குவார்கள். உச்சியில் நிறுத்தியவர் எனக்குத் தெரிந்து ஒருவரே. வாளி மேலே இருந்த நேரத்தில் திண்ணையிலிருந்து பாட்டி, “டேய், டீய ஆத்துறதுன்னா டம்ளர்ல ஆத்துடா!” என்று கத்தினார். கை நின்றுவிட்டது.

அன்றைய டீயின் வெப்பநிலை பற்றிய தரவு இன்னும் என் பின்கழுத்தில் இருக்கிறது.