மாஃப்லாங்கில் கை நீட்டலாமா?

? மேகாலயாவின் மாஃப்லாங் காட்டிலிருந்து ஓர் இலையைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாதாமே. காய்ந்த சருகுமா?
— ஈரோடு வாசகர்

சருகும்தான். காய், கல், காளான் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். செருப்பின் அடியில் ஒட்டிவரும் சேற்றை மட்டும் தெய்வம் கண்டுகொள்வதில்லை போலிருக்கிறது.

? மீறினால்?
— அதே வாசகர் (விடமாட்டார்)

லாபாசா என்ற காவல் தெய்வம் நோய் நொடி தந்துவிடும் என்பது அங்குள்ள காசி பழங்குடி மக்களின் நம்பிக்கை. வழிகாட்டிகள் சொல்லும் கதை ஒன்று உண்டு: 1970களில் ராணுவத்தார் பட்டுப்போன மரங்களை லாரியில் ஏற்றினார்களாம், லாரி கிளம்பவே இல்லையாம். அந்தக் காலத்து லாரியும் அந்த ஊர் ஈரமும் சேர்ந்தால் தெய்வம் இல்லாமலே வண்டி நின்றிருக்கும். ஆனால் காட்டுக்கு அந்தக் கதை தேவை.

? சாமி பயம் ஒன்றினால் காடு பிழைக்குமா? இங்கே சாமி சிலையையே திருடுகிறார்களே!
— கும்பகோணம் வாசகி

பிழைக்காது. அதே மலைகளில் பல புனிதக் காடுகள் தேய்ந்துபோயிருக்கின்றன. சாமி அங்கேயும் இருந்தது. மாஃப்லாங்கில் பயத்துக்குப் பின்னால் உரிமை நிற்கிறது. மேகாலயாவில் பெரும்பகுதிக் காடு வனத்துறையின் கையில் இல்லை. குலங்களுக்கும் ஊர்களுக்கும் 'ஹிமா' எனப்படும் பாரம்பரிய ஆட்சிகளுக்கும் சொந்தம். அரசியல் சாசனத்தின் ஆறாம் அட்டவணை இதற்கு இடம் தருகிறது. மாஃப்லாங் காடு லிங்டோ குலத்தின் பொறுப்பு. 1841இல் வேல்ஸ் பாதிரியார் ஒருவர் கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்தார். இன்று அந்த மாநிலத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் கிறிஸ்தவர்கள். ஆனால் ஞாயிறன்று தேவாலயம் போகிறவரும் இங்கே சுள்ளி ஒடிப்பதில்லை. வழிபாடு மாறியது, காட்டின் சொந்தக்காரர் மாறவில்லை. போதாததற்கு, சுற்றுவட்டாரத்துப் பத்து ஹிமாக்கள் ஒன்றுகூடி, காட்டுத்தீயைத் தடுத்து மரங்களை மீட்டெடுத்து, கரிம வரவு (கார்பன் கிரெடிட்) விற்றுப் பணமும் பார்த்திருக்கின்றன. என் கணக்கில் சாமிக்குப் பாதிப் பங்கு, ஊர்க்கூட்டத்துக்குப் பாதி.

? காட்டுக்குள் போக வழிகாட்டி எதற்கு? கையில்தான் மேப் இருக்கிறதே.
— சென்னை வாசகர்

எந்தக் கல்லில் என்ன சடங்கு நடந்தது என்று மேப் சொல்லாது. உங்கள் சட்டைப்பையையும் அது கவனிக்காது.

? ஷில்லாங்கிலிருந்து 25 கிலோமீட்டர் போய்ப் பார்க்க உள்ளே அப்படி என்ன இருக்கிறது?
— மதுரை வாசகி

வெளியே வெறும் புல்மேடு. வாசலைத் தாண்டினால் காலை பத்து மணி சட்டென்று மாலை ஆறு மணி ஆகிவிடும். மரத்தின்மேல் பாசி, பாசியின்மேல் பெரணி, அதற்கும் மேலே ஆர்க்கிட். தலைமுறை தலைமுறையாக யாரும் கூட்டிப் பெருக்காத சருகு. கால் வைத்தால் மெத்தென்று அமுங்குகிறது. இடையிடையே, காளை பலி நடந்த இடத்தில் நட்ட நெடுங்கற்கள். கற்களின்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கே லாபாசாவாக மாறிவிடலாமா என்று தோன்றும்.

? சிறுத்தை வருமா?
— சேலம் வாசகர்

லாபாசா மகிழ்ந்தால் சிறுத்தையாக வருவாராம், கோபித்தால் பாம்பாக. சிறுத்தையைக் கண்டு 'அப்பாடா' என்று பெருமூச்சு விடச் சொல்லும் காடு!

? ஒரு மணி நேர நடை எனக்குப் போதாது. கால் வலிக்க வேண்டும்.
— கோவை வாசகர்

பக்கத்திலேயே டேவிட் ஸ்காட் பாதை, லாட் மாஃப்லாங் வரை 16 கிலோமீட்டர். அஸ்ஸாமையும் சில்ஹெட் சமவெளியையும் இணைக்க 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் போட்ட கோவேறு கழுதைப் பாதையின் மிச்சம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம், மழைக்குப் பேர்போன சிரபுஞ்சி பக்கம்தான். அட்டைகளுக்கு லாபாசாவின் சட்டம் தெரியாது, உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டுதான் விடும்.

? நம்மூரில் இப்படி ஏதாவது?
— திண்டிவனம் வாசகர்

உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது ஐயா! கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு. போயிருக்கிறீர்களா? அடுத்த இதழில் நான் கேட்பேன்.