அச்சு முறிந்த ஊரிலிருந்து

தேர் நடுவழியில் நிற்பது அச்சரப்பாக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட அவசரத்தில் பிள்ளையாரைக் கும்பிட மறந்ததால் சிவனின் தேரே அச்சு இற்று நின்ற இடம் என்கிறது தலபுராணம்.

நம் விளையாட்டு நிர்வாகத் தேரும் அப்படி நின்றதுண்டு. 2022-இல் எங்கள் மாவட்டக் கடற்கரையில், மாமல்லபுரத்தில், 44-ஆவது செஸ் ஒலிம்பியாட். இரண்டு மாதம் முன்புதான், அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பின் செயலாளர் தேர்வு செல்லாது என்றது டெல்லி உயர் நீதிமன்றம். ஆகஸ்ட் 15 வரை தொடரட்டும் என்று உச்ச நீதிமன்றம் முட்டுக் கொடுத்தது. போட்டி 9-ஆம் தேதி முடிந்தது. கடிகாரம் ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான் என்றல்லவா நினைத்திருந்தோம்! அணிப் பிரிவுகளில் இந்தியாவுக்கு இரண்டு வெண்கலம். வாங்கிய பிள்ளைகளில் சிலருக்கு ஓட்டுரிமை வயதுகூட ஆகவில்லை. அந்த மாதமே இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்து, பதினோரு நாளில் மன்னித்தது.

2025-இல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தது. வாரியம், தீர்ப்பாயம் எல்லாம் உண்டு. நிர்வாகிகளுக்கு வயது வரம்பு 70. சர்வதேச அமைப்பின் விதி இடம் கொடுத்தால் 75 வரை போட்டியிடலாம். இளரத்தம் பாய்ச்சுகிறார்கள்!

டெல்லிப் பெரியவர்கள் ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்தால், எங்கள் அச்சுமுறி விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகட்டும். அவருக்கு வயது வரம்பு கிடையாது.