சம்பளம் வராத டாப் டென்

பெங்களூர் கண்டோன்மென்ட்டில் கலெக்டராக இருந்த காக்ஸ் துரையின் பெயரைத் தாங்கிய பேட்டை இது. ஆட்களை வரிசையில் நிறுத்தி நம்பர் போடும் ஆசை மண்ணிலேயே ஊறிக் கிடக்கிறதோ என்னவோ. ஆகஸ்ட் பிறந்தால் போதும், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு ரேங்க் போடும் வேலை காக்ஸ் டவுனில் ஆரம்பமாகிவிடும். மார்க்கெட் பக்கத்துக் காண்டிமென்ட்ஸ் கடை, வீலர் ரோடு பேக்கரி வாசல், ஜீவனஹள்ளி சந்து என்று எங்கே நின்றாலும் ஆளுக்கொரு டாப் டென். பெங்களூரு எஃப்.சி.யின் சுரேஷ் வாங்ஜாமை ஏழாவது இடத்தில் வைத்தவனோடு பேச்சுவார்த்தையே நின்றுபோன நட்புகள் உண்டு.

2025 ஆகஸ்டிலும் பட்டியல் போட்டார்கள். அந்த வருஷத்துக்கு ஒரு தனிச் சிறப்பு: பட்டியல் இருந்தது, லீக் இல்லை. ஜூலை 11ஆம் தேதியே சீசனை நிறுத்திவைப்பதாக, லீக்கை நடத்திவந்த எஃப்.எஸ்.டி.எல். நிறுவனம் கிளப்புகளுக்குக் கடிதம் அனுப்பிவிட்டது. ஆகஸ்ட் 4ஆம் தேதி நம்மூர் பெங்களூரு எஃப்.சி., முதல் அணியின் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. ஏப்ரல் 12ஆம் தேதி கொல்கத்தாவில் மோகன் பகானோடு இறுதி ஆட்டம் ஆடி 2-1 என்று தோற்றுத் திரும்பிய அதே அணிதான். நாட்டிலேயே இரண்டாவது சிறந்த அணிக்கு நாலு மாசத்தில் கிடைத்த மரியாதை இது. முதல் ரேங்க், பத்தாவது ரேங்க், பட்டியலிலேயே வராத மசாஜ்காரர், ஜெர்சியைத் துவைத்து மடித்து வைக்கிறவர் என்று எல்லோரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். இத்தனை வேகமான சமத்துவத்தை எந்தப் புரட்சியும் கொண்டுவந்ததில்லை.

ஆனாலும் சண்டை நிற்கவில்லை.

"சேத்ரிதான் மச்சா நம்பர் ஒன். போன சீசன்ல பதினாலு கோல்!"

"நாப்பத்தோரு வயசுடா அவருக்கு."

"அதனாலதான் சொல்றேன்."

இந்த மூன்று வரியில் இந்தியக் கால்பந்தின் வரலாறு அடங்கிவிட்டது. 2024 ஜூன் 6ஆம் தேதி கொல்கத்தாவில் நாடே அழுது சுனில் சேத்ரியை இந்திய அணியிலிருந்து வழியனுப்பியது. அடுத்த மார்ச்சில், 'ஐயா, கோல் போட ஆள் இல்லை, வாருங்கள்' என்று அதே நாடு போய்க் கூப்பிட்டது. வந்தார், மாலத்தீவுக்கு எதிராகக் கோலும் போட்டார். அந்த சீசனில் ஐ.எஸ்.எல்.லில் அதிக கோல் அடித்த இந்தியரும் அவர்தான். நூற்று நாற்பது கோடி பேரில் அவருக்குப் பின்னால் ஒரு முன்கள ஆட்டக்காரனை உருவாக்க முடியாதவர்கள், அவரை முதலிடத்தில் வைத்துக் கொண்டாடுவதைச் சாதனை என்கிறார்கள்.

லீக் ஏன் நின்றது? பூகம்பம் வந்ததா, கொள்ளைநோயா? ஒரு ஒப்பந்தத்தின் காலம் முடியவிருந்தது, அவ்வளவுதான். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010 டிசம்பரில் ரிலையன்ஸ் தரப்போடு போட்ட ஒப்பந்தம், பதினைந்து வருஷத்துக்கு எழுநூறு கோடி ரூபாய். அது 2025 டிசம்பர் 8ஆம் தேதி முடியும் என்பது கையெழுத்துப் போட்ட அன்றே தெரியும். ஜீவனஹள்ளியில் வாடகை வீட்டில் இருப்பவர்கூட அக்ரிமென்ட் பதினோராம் மாதம் முடிகிறதென்றால் ஒன்பதாம் மாதமே புரோக்கரைப் பார்க்கிறார். இவர்களுக்குப் பதினைந்து வருஷம் போதவில்லை. சம்மேளனத்தின் சட்டவிதிகள் பற்றிய வழக்கு 2017 முதல் சுப்ரீம் கோர்ட்டில் கிடந்தது, தீர்ப்பு வரும்வரை புது ஒப்பந்தம் போடக்கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வழக்கு கோர்ட் வாசலில் தானாக முளைத்ததா? தேர்தலை ஒழுங்காக நடத்தாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் நட்ட மரம் அது. அதன் நிழலில் ஆட்டக்காரன் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

ஆட்டக்காரர்களுக்கு ரேங்க் போடுவதில் காக்ஸ் டவுனைவிட டெல்லி கெட்டிக்கார ஊர். 2022 செப்டம்பர் 2ஆம் தேதி சம்மேளனத் தலைவர் தேர்தல் நடந்தது. ஒரு பக்கம் இந்தியாவுக்காக நூறு ஆட்டம் ஆடிய முதல் மனிதர், பைச்சுங் பூட்டியா. மறுபக்கம் முன்னாள் கோல்கீப்பரும் பா.ஜ.க. பிரமுகருமான கல்யாண் சௌபே. முடிவு 33-1. அந்த ஒற்றை ஓட்டுதான் பூட்டியாவுக்கு. நம்ம மாநிலச் சங்கத் தலைவரும் சாந்திநகர் எம்.எல்.ஏ.வுமான என்.ஏ. ஹாரிஸ் அன்றைக்கே 29-5 என்று ஜெயித்துத் துணைத் தலைவரானார். டெல்லியில் நம்மூருக்கு இடமில்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது. தேர்தல் நடந்த சுறுசுறுப்பையும் மறந்துவிடக் கூடாது. அதற்குச் சில நாள் முன்புவரை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்து வைத்திருந்தது. தடை போட்ட தேதி ஆகஸ்ட் 15. சுதந்திர தினம்.

அப்புறம் 2025இல், கோர்ட் தீர்ப்பு வந்த பிறகு, சம்மேளனத்தார் டெண்டர் விட்டார்கள். நாட்டின் தலையாய லீக்கை நடத்த வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 37.5 கோடி ரூபாய் தர வேண்டும் என்றார்கள். ரிஷப் பந்த் என்ற ஒரே ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரை லக்னோ அணி 27 கோடிக்கு எடுத்த நாடு இது. சந்தேகம் கேட்கச் சிலர் வந்தார்கள். நவம்பர் 7ஆம் தேதி கெடு முடிந்தபோது ஏலம் கேட்டவர்கள் எண்ணிக்கை பூஜ்யம். அதே மாதம் ஃபிஃபாவும் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் இந்தியாவுக்கு 142ஆவது இடம்.

காசு இல்லாத நாடு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். டிசம்பர் 8ஆம் தேதி ஒப்பந்தம் செத்தது. ஐந்தாம் நாள், 13ஆம் தேதி, மெஸ்ஸி கொல்கத்தாவில் வந்து இறங்கினார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போன ஜனங்களுக்கு அவருடைய தலைமுடிகூடத் தெரியவில்லை. பிரமுகர்கள் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தார்கள். சுமார் இருபது நிமிஷத்தில் அவர் கிளம்பிவிட, சால்ட் லேக் மைதானத்தில் நாற்காலிகள் பறந்தன. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் கையசைத்துவிட்டுப் போக வந்தவருக்குக் கோடி கோடியாகப் பணம் இருந்தது. தினமும் பந்து உதைத்துப் பிழைப்பவனுக்குத் தர இல்லை.

சரி, டெல்லியையும் கொல்கத்தாவையும் திட்டியாயிற்று. இனி நம் சந்துக்கு வருவோம். 1937, 1938 இரண்டு வருஷமும் வெள்ளைக்காரப் பட்டாள அணிகளின் கோட்டையாக இருந்த ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கி வந்தது பெங்களூர் முஸ்லிம்ஸ். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் இங்கிருந்து போன சாரங்கபாணி ராமன். அல்சூர் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறோம். இந்தப் பெருமையெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் 2023 மார்ச் 4ஆம் தேதி ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று, 54 வருஷத்துக்குப் பிறகு கர்நாடகா சந்தோஷ் டிராபியைக் கொண்டுவந்ததே, அன்று கோல் போட்டவர்கள் யார்? ஆர்சனலின் மாற்று கோல்கீப்பரைப் பன்னிரண்டாவது இடத்தில் வைப்பதா பதினொன்றாவதா என்று விடிய விடிய வாதாடுகிற தம்பிகளிடம் கேட்டுப் பாருங்கள். சுனில் குமார், பேக்கி ஓராம், ராபின் யாதவ். இந்தப் பெயர்கள் எந்த டாப் டென்னிலும் வந்ததில்லை. பெங்களூர் மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் (பி.டி.எஃப்.ஏ.) சூப்பர் டிவிஷன் லீக் கருடா மால் பக்கத்து ஸ்டேடியத்தில் நடக்கிறது. மாலுக்குப் போகிறவர்கள் அதன் மதிலை ஒட்டித்தான் வண்டியை நிறுத்துகிறார்கள்.

ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். மாதிரி அரசு ஃபேக்டரிகள் பந்து ஆடத் தெரிந்த பையனுக்கு வேலை கொடுத்த காலத்தில் ரேங்க் என்பதற்கு வேறு பொருள். வேலை கிடைத்தவன் மேலே, கிடைக்காதவன் கீழே. அந்தப் பட்டியலில் ஏறினால் குடும்பமே கரையேறும். எச்.ஏ.எல். அன்றைய தேசிய லீக்கான ஐ லீக் வரைக்கும் வந்து 2011-12இல் கீழே இறங்கியது. ஃபேக்டரி வேலை என்ற ஏணி அதற்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டது. இன்றைக்குப் பந்து ஆடும் பையனிடம், 'இதை வைத்துக் கல்யாணத்துக்குப் பெண் கொடுப்பார்களா?' என்று கேட்கும் அம்மாவுக்கு எந்த நிபுணரும் பதில் வைத்திருக்கவில்லை.

கடைசியில் ஆட்டக்காரர்களே கேமரா முன்னால் நின்று ஃபிஃபாவிடம் கெஞ்சிய பிறகு, 2026 ஜனவரி 6ஆம் தேதி மத்திய விளையாட்டு அமைச்சர் அறிவித்தார்: பிப்ரவரி 14 முதல் லீக், பதினாலு கிளப். போன சீசனில் கிளப்புக்கு 24 லீக் ஆட்டம், இந்தத் தடவை 13. பெங்களூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இது பை டூ சீசன்: ஒரு டம்ளர் காபியை இரண்டாகப் பிரித்து, பாதியைக் கொடுத்துவிட்டு, முழுசாகக் குடித்த மாதிரி நன்றி சொல்லச் சொல்கிறார்கள். சொன்னோம். கைதட்டவும் செய்தோம்.

அடுத்த சீசனுக்கான டாப் டென் இப்போதே தயாராகிக்கொண்டிருக்கிறதாம். முதலிடம் யாருக்கு என்பதில் காண்டிமென்ட்ஸ் கடை வாசலில் கைகலப்பு வரைக்கும் போய்விட்டது என்று கேள்வி. விசாரித்ததில், முதலிடத்துக்காக யாரும் அடித்துக்கொள்ளவில்லை. "அடுத்த சீசன் நடக்குமாண்ணா?" என்று நடுவில் கேட்ட ஒரு பொடியனைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து சாத்தினார்களாம்.